கீழ்த்தட்டுத் தவளைகள்

செட்டிகுளம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையை ராஜவேல் திறப்பதற்கு முன்பே வாசலில் நான்கைந்து பேர் காத்திருப்பார்கள். வெங்காயக் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறவர்களும் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நிற்பவர்களும்தான் அதிகம். காய்ச்சல், கால்வலி, வயிற்றுப்போக்கு என்று எதைச் சொன்னாலும் ராஜவேல் யோசிக்க மாட்டார். சொல்லி முடிப்பதற்குள் மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டுவிடுவார். கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பார்மசி பட்டயம் தொங்கியது. அதிலிருந்த பெயர் அவருடையது அல்ல. பெயருக்கு உரியவர் பட்டயத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டுச் சென்னையில் வேறு வேலையில் இருந்தார். அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை.

அன்று காலை ஜோதி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பெரம்பலூர்ச் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் கூட்டிப் பெருக்கிக் கழுவும் வேலை அவளுக்கு. கணவன் கொளஞ்சி திருப்பூரில் சாயப் பட்டறையில் இருந்தான். குழந்தையைப் பக்கத்துத் தெருவில் அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு அவள் தினமும் பஸ் ஏறுவாள்.

"அண்ணே, அந்த ஆயின்மென்ட்டு ஒண்ணு குடுங்க."

"இன்னும் போவலியாம்மா அந்தப் படை?"

"போட்டா அடங்குதுங்க. விட்டா திரும்ப வந்துடுது. இப்ப முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு."

"அப்ப விடாம போடு. காலையில ஒருதரம், ராத்திரி ஒருதரம். ஒருநாளும் விட்டுடாத."

"புள்ளைக்கும் தொடை இடுக்குல செவந்திருந்துச்சுன்னு நீங்க சொன்ன மாதிரி தடவினேங்க. உடனே அடங்கிடுச்சு. இப்பவும் தடவிக்கிட்டுதான் இருக்கேன்."

"அடங்காம என்ன? பச்சப் புள்ளைக்கும் போடலாம், ஒண்ணும் பண்ணாது." ராஜவேல் எட்டிக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். "பாரு, எப்படிக் கொழுகொழுன்னு ஆயிட்டா உம் பொண்ணு!"

ஜோதிக்குப் பெருமையாக இருந்தது. ஒன்றரை வயது மகிழினிக்கு முகம் அப்பம்போல் உப்பி, கன்னங்கள் பளபளவென்று சிவந்திருந்தன. பார்க்கிறவர்கள் எல்லாரும் கிள்ளிவிட்டுத்தான் போனார்கள்.

அந்தக் குழாயின் முதுகில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான கோடு. குழாய்க்குள் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. மூன்றாவது, அரிப்பைச் சட்டென்று அமுக்கும் வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும் அந்த மருந்தே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும். கீழே படை நிம்மதியாகப் பரவும். வாங்குகிறவளுக்கு அந்தக் கோடு ஓர் அலங்காரம். விற்கிறவருக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும்.

ஜோதி பஸ்ஸில் உட்கார்ந்ததும் குழாயைப் பிதுக்கி இரண்டு கைகளிலும் முழங்கை வரை தேய்த்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அரிப்பு அடங்கியிருந்தது.

அவள் தினமும் முதலில் செய்யும் வேலை தவளைத் தொட்டிகளைக் கழுவுவது. தவளைகள் இலக்கியா என்ற ஆராய்ச்சி மாணவியுடையவை. வனத்துறை அனுமதிக்கு நடையாய் நடந்து, மழை தொடங்கியபோது திருமழபாடியில் கொள்ளிடக் கரையோரம் சேற்றில் இறங்கிப் பிடித்துவந்தவை. சுவரை ஒட்டிய இரும்புத் தாங்கியில் இரண்டு தட்டுகள். மேல்தட்டுத் தொட்டிகளை இலக்கியா தானே கழுவுவாள். கீழ்த்தட்டு ஜோதியின் பொறுப்பு. ஒவ்வொரு தவளையையும் கையால் தூக்கி வேறு தண்ணீரில் விட்டு, தொட்டியைக் கழுவித் துடைத்து, மறுபடி தூக்கி உள்ளே விட வேண்டும்.

"இந்தத் தவளைங்கள வச்சு என்னதான் மேடம் பண்றீங்க?" என்று ஜோதி ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

இலக்கியா கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினாள். அதில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ வளர்ந்திருந்தது. "இது தவளை முதுகுல பஞ்சு வச்சுத் துடைச்சு எடுத்த பாக்டீரியாக்கா. வெளிநாட்டுல ஒரு பூஞ்சை வந்து கூட்டம் கூட்டமா தவளைங்க செத்துப் போச்சு. ஆனா சில தவளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னு பாத்தா, அதுங்க தோல் மேல இந்த மாதிரிக் கிருமிங்க இருக்கு. பூஞ்சையக் கிட்ட சேக்காது. நம்ம கொள்ளிடத்துத் தவளை மேலயும் அதுங்க இருக்கான்னுதான் பாக்கறேன்."

"கிருமின்னாலே கெட்டதுதானே?"

"எல்லாம் இல்லக்கா. நம்ம தோல் மேலயும் கோடிக்கணக்குல இருக்கு. அதுங்க இருக்கற வரைக்கும்தான் மத்தது உள்ள வராது."

ஜோதி சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் கை ஊறிப் படை ஏறியது. கையுறை கேட்டுத் துறைத் தலைவர் குருமூர்த்தியிடம் போயிருக்கிறாள். வந்திருந்த ஒரே பெட்டியை அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

"டப்பா கழுவறதுக்கெல்லாம் கிளவுஸ் எதுக்கும்மா? அது ஸ்காலர்ஸுக்கு வந்தது. வூட்ல பாத்திரம் தேய்க்கறப்ப கிளவுஸ் போட்டுக்கிட்டா தேய்க்கற?" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் சிரித்தார்கள். அந்த அறையில் இலக்கியாவும் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் எதுவும் சொல்லவும் இல்லை.

மழை ஓய்ந்த பிறகு கீழ்த்தட்டில் தவளைகள் சாகத் தொடங்கின.

முதலில் இரை எடுப்பதை நிறுத்தின. பிறகு பின்னங்கால்களை மடக்க முடியாமல் பரப்பிக்கொண்டு கிடந்தன. வயிற்றுத் தோல் சிவந்து, முதுகில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை படர்ந்து, தோல் கந்தலாக உரிந்தது. இலக்கியா ஓடி ஓடித் தண்ணீரை மாற்றினாள். பலன் இல்லை. மேல்தட்டில் எல்லாத் தவளைகளும் நன்றாக இருந்தன. கீழ்த்தட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மல்லாந்தன. இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே நாறியது.

குருமூர்த்தி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

"கீழ்த்தட்ட யாரு கழுவறது? அந்த ஜோதியா? கூப்பிடு அவள."

ஜோதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பினாயில் பக்கெட்டுலதானே தண்ணி புடிச்ச?"

"இல்ல சார். அது வேற பக்கெட்டு, இது வேற பக்கெட்டு. சத்தியமா சார்."

"மேல இருக்கறதெல்லாம் உயிரோட இருக்கு, நீ தொட்டது மட்டும் எப்படிச் செத்துச்சு? உன்ன மாதிரி ஆளுங்கள லேபுக்குள்ள விட்டதே தப்பு."

ஜோதி இலக்கியாவைப் பார்த்தாள். தனக்காக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்த பார்வை அது. இலக்கியா கோபத்தின் உச்சியில் இருந்தாள்.

"ஒழுங்கா சொல்லுங்கக்கா! எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஒரு பக்கெட்டக் கழுவி எடுக்க முடியாதா உங்களால? என் படிப்பே போச்சு!"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று குருமூர்த்தி சொன்னார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் போனாள். விசாரணை அவ்வளவுதான். கீழே இருக்கிறவள்மேல் பழி போடுவதற்கு நம் நிறுவனங்களில் ஆதாரம் யாரும் கேட்பதில்லை.

கோபம் தணிந்த பிறகுதான் இலக்கியாவுக்கு மூளை வேலை செய்தது. பினாயில் கலந்திருந்தால் தவளைகள் அன்றைக்கே துடித்துச் செத்திருக்கும். இவையோ வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வாடின. செத்தவற்றின் முதுகிலிருந்து எடுத்து வளர்த்த தட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். கத்தரிப்பூப் புள்ளி ஒன்றுகூட இல்லை. பூஞ்சை மட்டும் தட்டு முழுக்கப் பஞ்சாகப் படர்ந்திருந்தது. மேல்தட்டுத் தவளைகளின் தட்டுகளில் புள்ளிகள் அப்படியே இருந்தன. தண்ணீர் ஒன்று, இரை ஒன்று, அறை ஒன்று. ஆனால் கீழ்த்தட்டுத் தவளைகளின் காவலை மட்டும் ஏதோ ஒன்று துடைத்து எடுத்திருந்தது. காவல் போனதும், தண்ணீரில் எப்போதும் இருக்கும் சாதாரணப் பூஞ்சையே அவற்றைத் தின்றுவிட்டது.

எது துடைத்தது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தபோது, விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்ள ஜோதி வந்தாள். இலக்கியாவின் முகத்தைப் பார்க்காமல் அலமாரிக்கு அடியில் கையை நீட்டினாள். அந்தக் கையை இலக்கியா அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். முழங்கைக்கு மேல்வரை வளையம் வளையமாகப் படை. வளையங்களுக்கு நடுவில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, அடியில் நரம்பு தெரிந்தது.

"அக்கா, கையில என்ன இது?"

"படை. உங்க தவள அதனால சாவல. நான் மருந்து போட்டுட்டுதான் தொட்டேன்."

"என்ன மருந்து?"

ஜோதி இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நசுங்கிய குழாயை எடுத்துக் கொடுத்தாள். இலக்கியா அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்துகளைப் படித்தாள். "இத எவ்வளவு காலமா போடறீங்க? தினமுமா? தவளையத் தூக்கறதுக்கு முன்னாடியா?"

"பஸ்ஸுலயே போட்டுடுவேன். இல்லாட்டி அரிப்பு தாங்காது. ஒரு வருசத்துக்கு மேல ஆவுது."

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

"டாக்டரு எதுக்கு? செட்டிகுளத்துல பஸ் ஸ்டாப்புக்கு எதுக்க மெடிக்கல் இருக்குல்ல, ராஜவேலு அண்ணன் கடை. தங்கமான மனுசன். பாத்ததுமே இன்னதுன்னு சொல்லிக் குடுத்துடுவாரு. எம் புள்ளைக்கும் இதான் போடறேன்."

இலக்கியா குழாயை மேசைமேல் வைத்தாள். ராஜவேல் அவளுடைய அப்பா. அவர் குடும்பம் பெரம்பலூரில் இருந்ததால் ஜோதிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அவள் அதை உடனே சொல்லவில்லை. கத்தரிப்பூப் புள்ளிகள் நிறைந்த ஒரு புதிய தட்டின் நடுவில் அந்தக் களிம்பை மிளகளவு வைத்து மூடினாள். மறுநாள் களிம்பைச் சுற்றிக் கண்ணாடி பளிச்சென்று வெறுமையாக இருந்தது. அங்கே எதுவும் வளரவில்லை. களிம்பிலிருந்த பூஞ்சை மருந்து மனிதப் படைக்கானது, தண்ணீர்ப் பூஞ்சையை அது ஒன்றும் செய்யவில்லை. தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கும், தோலாலேயே மூச்சும் விடும். அந்தத் தோலை ஒவ்வொரு நாளும் அந்தக் கைகள் தொட்டிருக்கின்றன. கையுறை இல்லாத கைகள்.

தட்டை மூடிவைத்துவிட்டு அவள் நேராகச் செட்டிகுளத்தில் ஜோதியின் வீட்டுக்குப் போனாள். தாயையும் பிள்ளையையும் பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். தோல் மருத்துவர் பானுப்ரியா ஜோதியின் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். குழந்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இந்தப் புள்ளைக்கு எங்க தடவின?"

"தொடை இடுக்குலங்க. இப்ப நல்லா ஆயிட்டா. எல்லாரும் கொழுகொழுன்னு இருக்கான்னுதான் சொல்றாங்க. கடைக்கார அண்ணன்கூடக் கன்னத்தக் கிள்ளி அதான் சொன்னாரு."

"இது கொழுப்பு இல்லம்மா." மருத்துவர் குழந்தையின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார். நெற்றியிலும் கன்னத்திலும் பூனைமுடிபோல் ரோமம் அடர்ந்திருந்தது. "வீக்கம். ஸ்டீராய்டு தோல் வழியா உடம்புக்குள்ள போயிருக்கு. வெளியிலேருந்து வந்துக்கிட்டே இருந்ததால உள்ள சுரக்க வேண்டியது சுரக்கறத நிறுத்திடுச்சு. வளர்ச்சியும் நின்னிருக்கும். இப்ப நானே திடீர்னு நிறுத்த முடியாது. நிறுத்தினா, ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாக்கூடப் புள்ள தாங்காது. இன்னிக்கே சேத்துடணும்."

ஜோதிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே அவளைத் தரையில் உட்கார வைத்துவிட்டது. "நான்தான் தடவினேன்," என்றாள். "என் கையாலதான் தடவினேன்."

"எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார் மருத்துவர். "இந்த மாசத்துல மட்டும் எத்தன பேரு இப்படி! எந்தக் கடைன்னு யாராவது ஒருத்தர் சொன்னா நான் புகார் எழுதிடுவேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நல்ல மனுசனாம், தெரிஞ்சவராம்!"

"செட்டிகுளம், ராஜவேல் மெடிக்கல்ஸ்," என்றாள் இலக்கியா. "எங்க அப்பா கடைதான் மேடம். எழுதுங்க."

ஜோதி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இலக்கியா வெளியே வந்து பஸ் ஏறினாள்.

கடையில் மாலைக் கூட்டம். மகள் கடைக்கு வந்திருப்பதைப் பார்த்து ராஜவேல் முகம் மலர்ந்தார். "எம் பொண்ணு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது," என்று நின்றிருந்தவர்களிடம் சொன்னார். இலக்கியா கண்ணாடி அலமாரியைத் திறந்து, அடுக்கியிருந்த குழாய்களை வாரி மேசையில் கொட்டினாள்.

"இத யாருக்கெல்லாம் வித்தீங்க?"

"ஏய், என்ன இது? ஆளுங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும், கேக்கட்டும். உங்ககிட்ட இத வாங்கின ஒரு குழந்த பெரம்பலூர் ஆஸ்பத்திரில கிடக்கு. கன்னத்தக் கிள்ளினீங்களாமே. அது வீக்கம்பா. நீங்க குடுத்த மருந்து ஊதின வீக்கம்."

ராஜவேலின் முகம் மாறியது. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதை இப்போது மகளிடம் சொன்னார். "ஊர்ல கேட்டுப் பாரு. டாக்டரப் பாக்கணும்னா பெரம்பலூர் போவணும். ஒருநாள் பொழப்பு போச்சு. போயி வரிசையில நிக்கணும். யாரு நிப்பா? நான்தான் இவங்களுக்கு டாக்டரு. நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கத்தான் போறாங்க. நான் மட்டும் யோக்கியனா இருந்து என்ன ஆவப்போவுது?"

"அவங்களுக்கு வேற வழியில்லைன்னு தெரிஞ்சுதான வித்தீங்க? தெரியாம செஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வராதுப்பா."

"எனக்கு என்ன தெரியும்? கம்பெனிக்காரன் குடுக்கறான், நான் விக்கறேன்."

"பத்தாவது படிக்கறப்ப எனக்குக் கழுத்துல படை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கடையப் பூட்டிட்டு என்னைத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனீங்க, ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட. கையில இத்தன டியூப் இருந்துச்சே. ஏம்பா எனக்கு ஒண்ணு பிதுக்கித் தடவல?"

மேசையிலிருந்து உருண்ட ஒரு குழாயை ராஜவேல் பிடித்து நிறுத்தினார். மாத்திரை வாங்க நின்றிருந்த ஒரு கிழவர் தன் கையிலிருந்த கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களை எடுத்துவிட்டு வந்திருந்த ஒரு பெண், குழாய்க் குவியலையும் ராஜவேலையும் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் படி இறங்கிப் போனாள்.

இலக்கியா அங்கே நிற்கவில்லை. அன்றைக்கு ராஜவேல் நேரத்தோடு கடையைச் சாத்தினார். வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி மருத்துவமனைப் பக்கம் திரும்பியது.

வார்டில் ஜோதி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் "அண்ணே" என்று எழுந்து நிற்பவள், இன்று எழவில்லை. குழந்தையின் கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காய்ச்சல் வந்துவிட்டது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். மருத்துவரும் தாதியும் இரண்டு முறை ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். உப்பிய முகத்தில் கண்கள் இடுங்கிக் கிடந்தன. மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்கியது. ராஜவேலுக்கு அந்தக் குழந்தையை எத்தனையோ காலைகளில் பார்த்த நினைவு வந்தது. முகம் வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனதை அவரும்தான் கண்டார். ஒரு தடவையாவது நின்று யோசித்ததாக நினைவில் இல்லை. வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைக்கவும் கூசி, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஜோதி..." என்றார்.

அவள் திரும்பாமல் குழந்தையின் நெற்றியைத் துடைத்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், பல மாதம் கவனமாக இருக்க வேண்டும், உயரம் பிடிக்கக் காலமாகும் என்று பானுப்ரியா சொன்னார். புகாரும் எழுதி அனுப்பியிருந்தார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்குள் எதைச் சரிக்கட்ட வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று ராஜவேலுக்கு அத்துப்படி. கூட்டாளிக் கடைக்காரர்கள் தொலைபேசியில் யோசனையும் சொன்னார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மகளிடம், "உங்க காலேஜுல அந்தப் பொண்ண வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாமே. நான் வந்து சொல்றேன்," என்றார்.

குருமூர்த்தியின் அறைக்கு இலக்கியா, ராஜவேல், ஜோதி மூன்று பேரும் போனார்கள். இலக்கியா தட்டுகளை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். ராஜவேல் உட்காராமல் நின்றார்.

"சார், தவளையக் கொன்னது இந்தப் பொண்ணு இல்ல. நான் குடுத்த மருந்து. அவ மேல பழி போட வேணாம்."

குருமூர்த்தி தட்டுகளைப் பார்த்தார், ராஜவேலைப் பார்த்தார். சங்கடமாகச் சிரித்தார். "பாருங்க சார், நடந்தது நடந்துபோச்சு. நீங்க கடை நடத்தறீங்க, நான் டிபார்ட்மென்ட் நடத்தறேன். கிளவுஸ் குடுக்கல, அது இதுன்னு வெளிய போனா காலேஜுக்கும் கெட்ட பேரு, உங்களுக்கும் கேஸு. கொண்டுவரப்பவே தவளைங்களுக்கு நோய் இருந்துச்சுன்னு எழுதிட்டு முடிச்சுடலாம். இந்தம்மாவும் நாளைலேருந்து வரட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"நான் அப்படி எழுத மாட்டேன் சார்," என்றாள் இலக்கியா. "நடந்தத எழுதுவேன். அக்கா கிளவுஸ் கேட்டப்ப நானும் இந்த ரூம்லதான் இருந்தேன். வாயத் தெறக்கல. அதையும் சேத்து எழுதுவேன்."

குருமூர்த்தி கோபமாக ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஜோதி பேசினாள். அவள் அந்த அறையில் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தவள செத்துச்சுன்னு இத்தன பேரு கூடி நின்னு ஏன் செத்துச்சு, எதனால செத்துச்சுன்னு கேட்டீங்க. எம் புள்ள மாசக்கணக்கா ஊதிக்கிட்டு நின்னப்ப ஒருத்தரும் கேக்கல. எங் கை இப்படி அழுவிக்கிட்டிருந்தப்ப, இந்தக் கையால தண்ணி புடிக்காதன்னு ஒருத்தரும் சொல்லல. யாருக்கும் நஷ்டம் இல்லன்னு சொல்றீங்க சார். எம் புள்ள யாரு கணக்கு?"

குருமூர்த்தி எழுந்து அலமாரியின் பூட்டைத் திறந்தார். கையுறைப் பெட்டியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை ஓரத்தில் வைத்தார். ஜோதி அதைத் தொடவில்லை.

"நாளைக்கு வந்து போட்டுக்கறேன்," என்றாள். "இனிமே அது பூட்டு இல்லாத எடத்துல இருக்கணும்."

வெளியே வராந்தாவில் ராஜவேல் அவள் முன்னால் வந்து நின்றார். இலக்கியா சற்றுத் தள்ளி நின்றாள்.

"ஆபீஸர் வந்தா ஆமா, நான்தான் சீட்டு இல்லாம குடுத்தேன்னு சொல்லிடப் போறேன்மா. லைசென்ஸு போனாலும் போவட்டும். நோய் என்னன்னு தெரியாம மருந்து குடுத்தேன். தோலுக்குன்னு ஒரு காவல் இருக்கு, அத நானே அடிச்சுத் தொரத்திட்டு, உள்ள பூந்தத மூடி வச்சேன். உதவி பண்றேன்னு சொல்லிக்கிட்டேன், பண்ணது வியாபாரம்." அவர் கைகூப்பினார். "என்னை மன்னிச்சுடும்மா."

ஜோதி அந்தக் கைகளைப் பார்த்தாள். அவள் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

"மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ண?" என்றாள். "டாக்டரு பாக்காம மருந்து குடுக்கறது ஒத்தாசை இல்லைங்க, வெசம் குடுக்கறது. கேட்டு வாங்கித் தடவினது என் தப்பு. தெரிஞ்சே குடுத்தது உங்க தப்பு. ரெண்டு தப்பும் எம் புள்ள தலையில விடிஞ்சுது. நாளைக்கு என்னையாட்டம் ஒருத்தி இடுப்புல புள்ளையோட எந்தக் கடையிலயாவது வந்து நிப்பா. ஒரு டியூப்பு குடுங்கன்னு கெஞ்சுவா. குடுக்காதீங்க. உங்க கூட்டாளிங்ககிட்டயும் சொல்லுங்க. திட்டியாவது அவள டாக்டர்கிட்ட அனுப்புங்க. அவ உங்கள ஏசிட்டுப் போவட்டும். அவ புள்ள நல்லாருக்கும்."